எந்த வலியோடு ஓடலாம்? நெடுந்தூர ட்ரையத்லானுக்குப் புதிதாகத் தயாராகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை 24 கிலோமீட்டர் ஓடிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை அலுவலகப் படிக்கட்டில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. எதிரே ஏறி வந்த செக்யூரிட்டி அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, எங்கயாவது விழுந்துட்டீங்களா?" என்றார். "இல்லண்ணா, ஓடினேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உண்மையில் எனக்கும் அப்போது புரியவில்லை. ஏறும்போது சமாளிக்க முடிந்த கால், இறங்கும்போது மட்டும் ஏன் உயிரை எடுத்தது? அதுவும் ஓடிய அன்று சும்மா இருந்துவிட்டு இரண்டு நாள் கழித்து ஏன்?

அதற்குப் பதில் சொல்லும் முன், தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூர ட்ரையத்லான் என்றால் பெரும்பாலும் அயர்ன்மேன் தூரம்தான்: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அது முடிந்த கையோடு 42.2 கி.மீ. ஓட்டம். இதில் பாதிக்கு 70.3 என்று பெயர், மூன்று தூரத்தையும் மைலில் கூட்டினால் வரும் எண். கோவாவில் 2019இல் தொடங்கியது பாதித் தூரம், கொழும்பில் 2018இல் நடந்ததும் அதுதான். 1978இல் ஹவாயின் ஒவாஹு தீவில் முதன்முதலாக முழுத் தூரத்துக்கு 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கே 11 மணி 46 நிமிடம் ஆனது. நம்மைப் போல வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள் இதற்குப் பல மாதம், வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். அத்தனை மாதமும் உடம்பில் ஏதாவது ஓர் இடம் வலித்துக்கொண்டேதான் இருக்கும். நான் இரண்டு முறை பாதித் தூரமும் ஒரு முறை முழுத் தூரமும் முடித்திருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. முதல் வருஷம் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றுவதைத்தான் எழுதுகிறேன்.

சரி, படிக்கட்டுக்கு வருவோம். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது ஒரு வேலை. நிறைந்த வாளியைக் கயிறு நழுவாமல் மெல்ல மெல்லக் கீழே விடுவது இன்னொரு வேலை. தசைக்கும் இந்த இரண்டு வேலையும் உண்டு. படி ஏறும்போது தொடைத் தசை சுருங்கித் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. இந்த இரண்டாவது வகை வேலைதான் தசை நாரில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு கிழிசலை உண்டாக்குகிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் இதுதான் நடக்கிறது. உடம்பு அந்த இடத்தைச் செப்பனிட ஆள் அனுப்புகிறது, கொஞ்சம் வீங்குகிறது, நரம்பு முனைகள் கூச்சம் கொள்கின்றன. இதெல்லாம் நடந்து முடிய நேரம் ஆகும். அதனால்தான் வலி அன்றைக்கே வராமல் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்குகிறது. தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1902இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

ஆனாலும் இன்றைக்கும் ஜிம்முக்குப் போனால், "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, அதான்" என்பார்கள். அது இல்லை. அவர்கள் சொல்லும் லாக்டிக் ஆசிட் உடம்பில் லாக்டேட் என்ற வடிவில்தான் இருக்கிறது. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும், செவ்வாய்க்கிழமை வலிக்கு ஞாயிற்றுக்கிழமை லாக்டேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அது கழிவும் இல்லை, எரிபொருள். இதயமே அதை எடுத்து எரித்துக்கொள்ளும்.

இந்த வலியோடு நடக்கலாம், நீந்தலாம், லேசாக சைக்கிள் மிதிக்கலாம். அசைந்தால் கொஞ்சம் குறையும், படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும். அம்மா நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிட்டால் சுகமாக இருக்கும், ஆனால் தேய்த்ததால் கிழிசல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். இதில் நல்ல செய்தி, இதே ஓட்டத்தை இரண்டு வாரம் கழித்து ஓடினால் வலி பாதிகூட இருக்காது. தசை ஒரு தடவை பட்டதை நினைவில் வைத்துக்கொள்கிறது.

கெட்ட வலி வேறு. எனக்கு அது வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் வந்தது. சொல்லி வைத்தாற்போல் 11ஆவது கிலோமீட்டரில் ஊசி குத்துவது போல ஆரம்பிக்கும், நின்றால் போய்விடும், மறுபடி ஓடினால் திரும்ப வரும். உடம்பு சூடானால் சரியாகிவிடும், வலி இல்லாமல் பயிற்சியா, என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று வாரம் ஓடினேன். 11 என்பது 8 ஆனது, 8 என்பது 3 ஆனது, கடைசியில் வீட்டில் தண்ணீர் எடுக்கப் போகும்போதே குத்தியது. பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் உட்கார்ந்து பெரிய கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "எங்க வலிக்குதுன்னு காட்டுங்க" என்றார். ஆள்காட்டி விரலை முழங்கால் எலும்பின் ஓரத்தில் வைத்தேன். "பாருங்க, ஒரே விரல். தசை அலுப்பா இருந்தா நீங்க உள்ளங்கையால தொடை முழுக்கத் தடவிக் காட்டியிருப்பீங்க" என்றார்.

ஐடி பேண்ட் பிரச்சினை. இடுப்பிலிருந்து முழங்காலின் வெளிப்பக்கம் வரை ஓடும் ஒரு பட்டையான இழை, முழங்காலுக்குப் பக்கத்தில் நோக ஆரம்பித்துவிட்டது. ஆறு வாரம் ஓட்டம் கிடையாது, இடுப்புத் தசைக்கு தினமும் பயிற்சி. முதல் வாரமே நிறுத்தியிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கலாம்.

அந்த ஒரு விரல், உள்ளங்கை கணக்கை இன்றைக்கும் விடவில்லை. இதோடு இன்னும் சிலதைச் சேர்த்துப் பார்ப்பேன். இரண்டு காலிலும் சமமாக வலித்தால் பெரும்பாலும் அலுப்பு, ஒரே பக்கம் என்றால் சந்தேகம். வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் மூன்றுக்குள் இருந்து, ஓட ஓட ஏறாமல், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வலியைத் தவிர்க்க நடையையே மாற்றி நொண்டுகிறீர்கள் என்றால் மார்க் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுங்கள். ஆட்டோவில் திரும்பி வருவதில் ஒரு அவமானமும் இல்லை, நான் நாலு முறை வந்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது, அந்தக் காலால் ஒற்றைக்காலில் குதிக்க முடியவில்லை என்றால் எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அதைப் பிடிவாதத்தால் சரிபண்ண முடியாது, டாக்டரைப் பாருங்கள்.

சைக்கிளில் வரும் வலிகளில் முக்கால்வாசி பொறுமையால் தாங்க வேண்டிய வலியே இல்லை, ஸ்பேனர் எடுத்துத் திருத்த வேண்டிய வலி. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் கையில் பாரம் அதிகம் விழுகிறது. நான் ஆறு மாதம் கழுத்து வலியைத் தவம் மாதிரி தாங்கிக்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரை இரண்டு சென்டிமீட்டர் தூக்கியதும் போயே போய்விட்டது. நீச்சலில் தோள்பட்டையின் முன்பக்கம் வலித்தால் தூரத்தைக் குறைத்துவிட்டு யாரையாவது உங்கள் கைவீச்சை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உரசல் புண்ணுக்கு வாசலின். போதும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. வலியின் அளவும் காயத்தின் அளவும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப்போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், படுகாயம் பட்டு வந்த வீரர்களில் பெரும்பகுதியினர் வலிக்கு மருந்தே கேட்காததைப் பார்த்து 1946இல் எழுதினார். போர்க்களத்திலிருந்து உயிரோடு வெளியே வந்துவிட்டோம் என்பது அவர்களுக்கு அந்தக் காயத்தின் பொருளையே மாற்றியிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. உடம்பு அனுப்பும் தகவல் ஒன்று, மூளை அதைப் பார்த்து "இது ஆபத்து" என்று முடிவு செய்து தருவதுதான் வலி. அதனால்தான் என்ன என்று தெரியாத வலி அதிகம் வலிக்கிறது. மலேசியாவின் லங்காவி தீவில் முழுத் தூரப் போட்டியில் ஓடியபோது 28ஆவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் எரிந்தது. எனக்குள் சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்: "இது தொடை எரிச்சல். போன மாசமும் வந்துது. தெரிஞ்ச வலிதான்." எரிச்சல் போகவில்லை, பயம் போனது. பயிற்சியில் ஒவ்வொரு வலிக்கும் பெயர் வைத்துப் பழகியதால்தான் போட்டியில் அது கைகொடுத்தது.

இனி களைப்பு. வலியைவிட இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் எல்லாக் களைப்பும் ஒரே மாதிரி, "என்னால் முடியாது" என்ற ஒரே குரலில்தான் பேசும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் மகாபலிபுரம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் வடகிழக்குக் காற்று, போகும்போது முதுகைத் தள்ளும், நாம் நன்றாக மிதிக்கிறோம் என்று நம்ப வைக்கும், திரும்பும்போது முகத்தில் அறையும். கோவளம் தாண்டியதும் எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. ஹாரன் அடித்த பஸ் மேல், குறுக்கே வந்த நாய் மேல், இந்த விளையாட்டை அறிமுகப்படுத்திய தோழி மேல். முட்டுக்காடு பாலத்தில் அழுகை முட்டியது, இனிமேல் இது வேண்டாம், சைக்கிளை விற்றுவிடலாம் என்று விலை வரைக்கும் யோசித்துவிட்டேன். ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்து ஒரு பன்னீர் சோடாவும் மூன்று கடலை மிட்டாயும் சாப்பிட்டேன். கடைக்கார அக்கா, "எங்கம்மா போயிட்டு வர்றே, மூஞ்சியெல்லாம் உப்பு பூத்திருக்கு" என்று துண்டை நனைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் நாய் அழகாகத் தெரிந்தது. எனக்கு வந்தது மன உறுதிக் குறைவு இல்லை, பசி. மூன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தேன்.

நம் தசையும் ஈரலும் சேர்ந்து கிளைகோஜன் என்ற பெயரில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம்தான், கிட்டத்தட்ட 2000 கலோரி. கொஞ்சம் வேகமாகப் போனால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அது காலியாகத் தொடங்கும். கொழுப்பு ஏராளமாக இருக்கிறது, ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. மூளைக்குச் சர்க்கரை குறைந்தால் முதலில் கெடுவது மூட்தான். அதனால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் எந்தப் பயிற்சியிலும் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து எடுத்தால் 90 வரைகூட உடம்பு ஏற்றுக்கொள்ளும், ஆனால் வயிற்றைப் பழக்க வேண்டும். விலை கூடிய ஜெல்தான் வேண்டும் என்றில்லை, வீட்டுச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்தான். ஒரு எச்சரிக்கை: ஓஆர்எஸ் பாக்கெட்டை நம்பி உட்காராதீர்கள். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். அது உப்புக்கும் தண்ணீருக்கும், பசிக்கு அல்ல.

கடலை மிட்டாய் ஜீரணமாகும் முன்பே எனக்குத் தெளிவு வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கலாம். 2004இல் ஒரு சோதனையில், சைக்கிள் வீரர்களை மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள், விழுங்கவே இல்லை. ஒரு மணி நேர சைக்கிள் பந்தயத்தில் அவர்கள் நேரம் கிட்டத்தட்ட 3 சதவீதம் மேம்பட்டது. வாயில் பட்டதுமே, சாப்பாடு வருகிறது என்று மூளை கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்துகிறது போல.

வெயில் இன்னொரு வகைக் களைப்பு. சூட்டில் ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும், அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். மே மாதச் சென்னையில் உங்கள் வேகம் குறைவது உங்கள் தப்பில்லை, வாட்ச்சில் வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பைப் பாருங்கள். பத்துப் பதினாலு நாள் வெயிலில் பழகினால் உடம்பு வியர்க்கக் கற்றுக்கொள்ளும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அலுவலகக் களைப்பும் கணக்கில் வரும். 2009இல் சாமுவேல் மார்கோரா என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 16 பேரைச் சோதித்தார்கள். ஒரு நாள் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் கம்ப்யூட்டர் வேலை, இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம், அதற்குப் பிறகு முடியும் வரை சைக்கிள். கம்ப்யூட்டர் வேலை செய்த நாளில் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமோ தசையோ காரணமில்லை, வேலை கடினமாகத் தோன்றியது, அவ்வளவுதான். ஆகவே நாள் முழுக்க மீட்டிங்கில் இருந்துவிட்டு சாயங்காலம் கடினமான ஓட்டம் வைத்துக்கொண்டு, ஏன் முடியவில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். அதை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

இதெல்லாம் அன்றன்றைக்கு வரும் களைப்பு. வாரக்கணக்கில் சேரும் களைப்புக்கு மருந்து ஓய்வு மட்டும்தான். பயிற்சியின் அளவை மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்குவது பலரும் செய்யும் வழி. காலையில் எழுந்ததும், காபிக்கு முன், நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட ஏழு எட்டு கூடுதலாக இரண்டு நாள் இருந்து, தூக்கமும் சரியில்லை, வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறீர்கள் என்றால் அன்றைய பயிற்சியைக் கிழித்துப் போடுங்கள்.

ஓய்வெடுத்தும் போகவில்லையா? ரத்தப் பரிசோதனை. எனக்கு இரண்டு மாதம் இப்படி இருந்தது, ஓவர் ட்ரெயினிங் என்று நானே முடிவுகட்டி ஓய்வுக்கு மேல் ஓய்வு எடுத்தேன். "ஏண்டி, கண்ணை இழுத்துப் பாரு, வெளுத்துக் கிடக்கு" என்று அம்மாதான் சொன்னாள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு தரைமட்டத்தில் இருந்தது. இரும்புச்சத்துக் குறைவு, டாக்டர் சொன்ன மாத்திரையில் மெல்ல மெல்லச் சரியானது. பெண்களுக்கு இன்னொன்று: பயிற்சி கூடியதும் மாதவிடாய் நின்றுபோனால் அதைத் தொல்லை விட்டது என்று கொண்டாடாதீர்கள். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், எலும்பு வரை பாதிக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014இல் இதற்கென்று தனி அறிக்கை வெளியிட்டது.

வலி மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். ஓட்டத்துக்கு முன் ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வற்றிய உடம்பில், மணிக்கணக்கில் ஓடும்போது, இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கூடவே, நிறுத்தச் சொல்லும் அந்த ஒரு விரல் வலியையும் மறைத்துவிடும். வேண்டாம். அப்புறம், நெஞ்சு வலி, மயக்கம், பேச்சுக் குழறல், பெப்சி நிறத்தில் சிறுநீர், இதில் எது வந்தாலும் மார்க் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மோஸ் பெண்களில் முதலிடத்தில் வந்து, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்து, கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போன பிறகும் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். 29 விநாடியில் முதலிடம் போனது. டிவியில் அதைப் பார்த்துத்தான் உலகத்தில் பலர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். எனக்கும் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கும். ஆனால் முடிவுக்கோட்டின் கடைசி மீட்டர்களில் ஒரு நாள் செய்வதை, செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில் செய்யக் கூடாது. தவழ்ந்து முடித்த பயிற்சிக்கு யாரும் மெடல் தருவதில்லை, அடுத்த மூன்று பயிற்சிகள்தான் போகும்.

கடைசியாக ஒரு வலி பாக்கி இருக்கிறது. போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வருவோம், டேப்பர் என்பார்கள். ஓய்வில் உடம்பு லேசாக வேண்டும். ஆனால் அப்போதுதான் இதுவரை இல்லாத இடமெல்லாம் வலிக்க ஆரம்பிக்கும், கணுக்கால் குத்தும், தொண்டை கரகரக்கும், ஆறு மாதம் முன்பு ஆறிய முழங்கால் மறுபடி முணுமுணுக்கும். வேலை இல்லாத மூளை உடம்பைச் சோதனை போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு விரலா உள்ளங்கையா என்று பாருங்கள், உள்ளங்கை என்றால் விட்டுவிடுங்கள். லங்காவிக்குக் கிளம்பும் முந்தைய வாரம் எனக்கு இடது கடைவாய்ப் பல் வலித்தது, பல் டாக்டரிடம் போய் எக்ஸ்ரேவும் எடுத்தேன். ஒன்றுமில்லை. நீச்சலுக்குக் கடலில் இறங்கிய பிறகு அந்தப் பல் ஞாபகமே வரவில்லை.